முங்கும் காய்

வாங்குகிறவர்கள் அனுப்பும் படிவத்தில்
இரண்டு கட்டங்கள்.
மெச்சூர் என்று ஒன்று. ரைப் என்று ஒன்று.
முதல் வருஷம்
இரண்டிலும் ஒரே எண்ணை எழுதிவிட்டேன்.
ஒரு கன்டெய்னர் கூழ்
துறைமுகத்திலேயே பதினோரு நாள் நின்றது.

காவேரிப்பட்டணம் சாலையில் எங்கள் ஆலை.
சீசனில் லாரிகள் புளியமரம் வரை வரிசை கட்டும்.
டிரைவர்கள் அடியில் துண்டை விரித்துத் தூங்குவார்கள்.

அப்புறம் பழகிக்கொண்டேன்.
தொட்டித் தண்ணீரில் காயைப் போடு.
மிதந்தால் இன்னும் பிஞ்சு.
முங்கினால் மெச்சூர்.
முங்கியதை எடுத்துக் கடித்துப் பார்,
பல் கூசும், காம்புப் பால் பட்டு உதடு வெந்துபோகும்.
மரம் தன் வேலையை முடித்துவிட்டது,
பழம் தன் வேலையைத் தொடங்கவே இல்லை.
அதுதான் மெச்சூர்.
ரைப் என்பது அதற்கப்புறம்,
அதன் பாட்டுக்கு,
யாரும் கை வைக்காமல்.

கெம்பம்மாவுக்கு இதை ஒரு தடவைதான் சொன்னேன்.
தொட்டிப் பக்கம் அவள் கை தப்பியதே கிடையாது.

ஏப்ரலில் கேசரி டப்பாவோடு வந்தாள்.
'எங்க யோகா மெச்சூர் ஆயிட்டா மேடம்.'
சிரித்தேன். தின்றேன்.
இருநூறு ரூபாய் மடித்துக் கொடுத்தேன்.
காய்க்கும் பிள்ளைக்கும் ஒரே சொல்.
எந்த பஸ்ஸில் வந்து இந்த ஊரில் இறங்கியதோ.
அதுவரை பிழையில்லை.

பத்தாம் நாள் பத்திரிகை வைத்தாள்.
மாப்பிள்ளை அவள் தம்பி.
அஞ்செட்டிப் பக்கம் மலைக்கோயில், விடிகாலை நாலரை.
யோகாவுக்குப் பதிமூன்று.
எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்,
'அதான் மெச்சூர் ஆயிட்டாளே மேடம்.'
இந்தத் தடவை அந்தச் சொல்
பக்கத்துக் கட்டத்தில் போய் விழுந்தது.

கல் வைத்துப் பழுக்கவைத்த லோடு என்று
போன வருஷம் ஒரு லாரியையே திருப்பியவள் நான்.
தார்ப்பாய் விலக்கும்போதே மூக்குக்குத் தெரியும்:
மேலே மஞ்சள்,
கொட்டையைச் சுற்றி வெள்ளைப் புளிப்பு.
ரிஜெக்ட் என்று சிவப்பில் எழுத
அரை நிமிடம் ஆகாது எனக்கு.

இதற்கு மூன்று நாள் ஆனது.

குளிரறை இரைச்சலுக்குள் நின்று
ஒன்று பூஜ்யம் ஒன்பது எட்டு.
எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள்,
'இது கம்ப்ளெயின்டா மேடம், இன்ஃபர்மேஷனா?'
கம்ப்ளெயின்ட் என்றால்
எதிரில் கெம்பம்மா வந்து நிற்கிறாள்,
கையில் கேசரி டப்பா.
இன்ஃபர்மேஷன் என்றால்
எதிரில் யாருமில்லை, இந்தப் பக்கமும் யாருமில்லை.
இரண்டில் சின்னதை எடுத்துக்கொண்டேன்.

ஜீப் போயிருக்கிறது. எழுதி வாங்கியிருக்கிறார்கள்.
ஸ்டாப் பண்ணியாச்சு என்றாராம் அதிகாரி.
போஸ்ட்போன் ஆயிடுச்சு என்கிறாள் கெம்பம்மா,
டீ நேரத்தில், எல்லோரிடமும்,
பந்தல்காரனுக்குக் கொடுத்த அட்வான்ஸைச் சொல்லிச் சொல்லி.
ஒரே விடிகாலைக்கு இரண்டு சொல்.
எது நிற்கும் என்று தெரிய
இன்னும் ஐந்து சீசன் இருக்கிறது.

ஜூனில் ஒரு நாள் டவுன் பஸ்ஸில் யோகாவைப் பார்த்தேன்.
ஜன்னல் சீட்டுக்காக ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.
நான் இறங்கும்வரை சண்டை முடியவில்லை.

கெம்பம்மாவுக்குத் தெரியுமா, சந்தேகமா,
அதற்கும் இரண்டு கட்டம் போடலாம்.
வேலையைத் தவிர என்னோடு பேச்சில்லை.
தொட்டியில் காயைப் போடுகிறாள்.
முழங்கை வரை நனைந்த கையை உதறுகிறாள்.
என் மேல் நாலு சொட்டுத் தெறிக்கிறது.
'முங்குது. எழுதிக்குங்க.'

எழுதுகிறேன்,
முதல் கட்டத்தில் மட்டும்.